எல்.என்.டி. என்றால் என்ன, அதன் கெர்னலை ஏன் துரத்துகிறார்கள்?

முதுகலைக் கணிதம் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. "லோக்கலி நில்பொட்டென்ட் டெரிவேஷன் என்பதன் வரையறை இரண்டு வரிதான். அதைச் சுற்றி இவ்வளவு ஆய்வு ஏன்? ஒரு டெரிவேஷனைக் கையில் கொடுத்தால் அது அந்த வகையா என்று எப்படிப் பார்ப்பது? அதன் கெர்னலை எப்படிக் கணக்கிடுவது? ஜேக்கோபியன் அனுமானத்தோடு இதற்கு ஏதாவது சம்பந்தம் உண்டா?" வளையம், புலம், ஐடியல் வரை தெரியும் என்கிறார். அது போதும்.

லோக்கலி நில்பொட்டென்ட் டெரிவேஷனைத் துறையில் இருப்பவர்கள் எல்.என்.டி. என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மாறிகளுக்கு க, ச, ட, த, ப என்று வைத்துக்கொள்கிறேன். கெழுக்கள் வரும் புலம் கேரக்டரிஸ்டிக் பூஜ்யம் உள்ளது. கலப்பெண்கள் என்றே நினைத்துக்கொள்ளலாம்.

டெரிவேஷன் என்றால் லைப்னிட்ஸ் விதிக்குக் கட்டுப்பட்ட நேரியல் வரைபடம்: ∂(அ·இ) = அ·∂இ + இ·∂அ. பல்லுறுப்புக்கோவை வளையத்தில் ஒவ்வொரு மாறியும் எங்கே போகிறது என்று சொல்லிவிட்டால் டெரிவேஷன் முழுவதும் தீர்மானமாகிவிடும். எந்த ஒரு கோவையை எடுத்தாலும் அதன் மேல் ∂-ஐத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு கட்டத்தில் பூஜ்யம் ஆகிவிட வேண்டும். அப்படி ஆனால் அது எல்.என்.டி. எத்தனை முறை போட வேண்டும் என்பது கோவையைப் பொறுத்தது, 'லோக்கலி' என்ற சொல் அதற்குத்தான். சாதாரண வகையிடலையே பாருங்கள்: க² மூன்றாவது முறையில் பூஜ்யம், க¹⁰⁰ நூற்றியோராவது முறையில் பூஜ்யம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது.

எல்லாக் கோவைகளையும் சோதிக்கத் தேவையில்லை, மாறிகளைச் சோதித்தால் போதும். அ, இ இரண்டும் ஒரு கட்டத்தில் பூஜ்யம் ஆகிறதென்றால் அவற்றின் பெருக்கலும் ஆகும். லைப்னிட்ஸ் விதியைப் பல முறை விரித்தால் தெரியும். ஆகவே முக்கோண வடிவில் உள்ள எந்த டெரிவேஷனும் எல்.என்.டி.தான். அதாவது ∂க ஒரு மாறிலி, ∂ச-வில் க மட்டும், ∂ட-வில் க, ச மட்டும் என்று படிப்படியாகப் போகும் வகை. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன.

ஆனால் இரண்டு எல்.என்.டி.களைக் கூட்டினால் எல்.என்.டி. கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ∂க = ச, ∂ச = 0 என்பது ஒன்று. ∂க = 0, ∂ச = க என்பது இன்னொன்று. கூட்டினால் ∂(க + ச) = க + ச. எத்தனை முறை போட்டாலும் அது அசையாது. பெருக்கலில் நிலைமை கொஞ்சம் நன்றாக இருக்கிறது: ஒரு எல்.என்.டி.யை உ என்ற பூஜ்யமல்லாத கோவையால் பெருக்கினால், ∂உ = 0 ஆக இருந்தால், அப்போது மட்டுமே, மறுபடி எல்.என்.டி. கிடைக்கும். இது பின்னால் முக்கியமான இடத்தில் வரும்.

சரி, இந்த வரையறைக்குள் உண்மையான பலம் எங்கே இருக்கிறது? என் கருத்தில் ஒரே இடத்தில்: படி. ஒரு கோவை அ-வின் மேல் ∂-ஐ ம முறை போட்டால் பூஜ்யம் ஆகாமல், ம + 1 முறை போட்டால் பூஜ்யம் ஆனால், ம-வை அதன் ∂-படி என்று சொல்வோம். இ-யின் ∂-படி ந என்றால் அ·இ-யின் ∂-படி சரியாக ம + ந. ஏனென்றால் ம + ந முறை போடும்போது லைப்னிட்ஸ் விரிவில் ஓர் உறுப்பு மட்டும் தப்பிக்கிறது: ம முறை வகையிட்ட அ, ந முறை வகையிட்ட இ, முன்னால் ஓர் ஈருறுப்புக் கெழு. மூன்றும் பூஜ்யமல்ல, ஆகவே பெருக்கலும் பூஜ்யமல்ல. சாதாரணக் கோவைகளின் படி எப்படிக் கூடுகிறதோ அப்படியே இதுவும் கூடுகிறது.

கேரக்டரிஸ்டிக் பூஜ்யம் எங்கே தேவைப்பட்டது என்று கவனித்தீர்களா? அந்த ஈருறுப்புக் கெழுவில்தான். கேரக்டரிஸ்டிக் 2 என்றால் சாதாரண வகையிடலில் ∂(க²) = 2க = 0, ஆனால் ∂க = 1. பெருக்கலின் படி பூஜ்யம், காரணிகளின் படி ஒன்று. எல்லாம் அங்கே உடைந்துவிடும்.

இந்தப் படிக் கணக்கிலிருந்து நேராக விழும் விளைவு: கெர்னல், அதாவது ∂ பூஜ்யமாக்கும் கோவைகளின் தொகுப்பு, காரணிகளுக்கும் மூடியது. பூஜ்யமல்லாத ஒரு பெருக்கற்பலன் கெர்னலில் இருந்தால் அதன் ஒவ்வொரு காரணியும் கெர்னலில் இருக்க வேண்டும், ஏனென்றால் படிகள் குறைமமாக முடியாது. அதேபோல, அ என்ற கோவை ∂அ-வைப் பூஜ்யமில்லாமல் வகுக்கவே முடியாது. வகுத்தால் ∂அ-வின் படி அ-வின் படியைவிடக் குறையாது, ஆனால் அது ஒன்று குறைந்தே ஆக வேண்டும்.

இதை வைத்து "இது எல்.என்.டி. அல்ல" என்று சொல்வது பல நேரங்களில் ஒரு வரி வேலை. இதைப் பாருங்கள்: ∂க = ச², ∂ச = க². எல்.என்.டி.க்கு டைவர்ஜென்ஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதாவது ∂க-வை க-வாலும் ∂ச-வை ச-வாலும் பகுதி வகையிட்டுக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். இங்கே வருகிறது, அந்தச் சோதனையில் தேறிவிட்டது. கையால் வகையிட்டுப் பார்த்தால் கோவை பெரிதாகிக்கொண்டே போகும், ஆனால் அது எப்போதோ சுருங்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இப்போது க³ − ச³ என்பதை எடுங்கள். ∂(க³ − ச³) = 3க²ச² − 3ச²க² = 0. அது கெர்னலில் இருக்கிறது. எல்.என்.டி.யாக இருந்தால் அதன் காரணி க − ச-வும் கெர்னலில் இருக்க வேண்டும். ஆனால் ∂(க − ச) = ச² − க², பூஜ்யமல்ல. முடிந்தது, இது எல்.என்.டி. அல்ல. பக்கம் பக்கமாக வகையிட்டுக்கொண்டிருப்பதைவிடக் கெர்னலில் ஒரு கோவையைப் பிடித்துக் காரணிப்படுத்துவது எவ்வளவு சிக்கனம் என்று பாருங்கள்.

இன்னொரு கருவியும் உண்டு. மாறிகளுக்கு எடைகள் கொடுத்து, ∂-இன் மிக உயர்ந்த எடையுள்ள பகுதியை மட்டும் தனியே எடுத்தால், ∂ எல்.என்.டி.யாக இருக்கும்போது அந்தப் பகுதியும் எல்.என்.டி.யாகவே இருக்கும். அந்தப் பகுதி பெரும்பாலும் எளிமையாக இருப்பதால் அங்கே முரண்பாட்டைத் தேடலாம். கடினமான தேற்றங்கள் பல இந்த வழியில்தான் நிரூபிக்கப்பட்டன.

அடுத்து கெர்னலைக் கணக்கிடுவது. பூஜ்யமல்லாத எந்த எல்.என்.டி.க்கும் கெர்னலின் பரிமாணம் மாறிகளின் எண்ணிக்கையைவிடச் சரியாக ஒன்று குறைவு. ∂ஸ = 1 என்று ஒரு கோவை ஸ கிடைத்துவிட்டால் அதை ஸ்லைஸ் என்பார்கள். அப்போது முழு வளையமும் கெர்னலின் மேல் ஸ-வை ஒற்றை மாறியாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவை வளையம் ஆகிவிடும். கெர்னலின் உறுப்புகளை ஒரு சூத்திரமே கொடுக்கிறது, டிக்ஸ்மியேயின் பெயரில் வழங்குவது: அ-வை எடுத்து,

அ − ∂அ·ஸ + ∂²அ·ஸ²/2 − ∂³அ·ஸ³/6 + …

என்று எழுதுங்கள். தொடர் தானாக நின்றுவிடும், விடை கெர்னலில் இருக்கும். மாறிகள் ஒவ்வொன்றையும் இதில் போட்டால் கெர்னலின் பிறப்பாக்கிகள் எல்லாம் வந்துவிடும்.

பெரும்பாலான எல்.என்.டி.களுக்கு ஸ்லைஸ் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு படி கீழே உள்ளது எப்போதும் உண்டு: ∂ஸ பூஜ்யமல்ல, ∂²ஸ = 0. கெர்னலில் இல்லாத ஏதாவது ஒரு கோவையை எடுத்து, பூஜ்யத்துக்கு இரண்டு படி முன்னால் நிறுத்தினால் அது வந்துவிடும். ∂ஸ-வால் வகுக்கலாம் என்று தற்காலிகமாக அனுமதித்துக்கொண்டு மேலே உள்ள சூத்திரத்தைப் போடுவோம். பிறகு அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சிக்கல் முழுவதும் அந்தத் திரும்ப வாங்கும் இடத்தில்தான்.

செய்து பார்ப்போம். மூன்று மாறிகள்: ∂க = 0, ∂ச = க, ∂ட = ச. ச-வைப் பயன்படுத்தலாம், ∂ச = க, ∂க = 0. ஆகவே ஸ = ச/க. ட-வைச் சூத்திரத்தில் போட்டால் ட − ச²/க + ச²/(2க), அதாவது ட − ச²/(2க). பின்னத்தை நீக்க −2க-வால் பெருக்கினால்

உ = ச² − 2க·ட.

சரிபார்ப்போம்: ∂உ = 2ச·க − 2க·ச = 0. கெர்னலில் க, உ இரண்டும் இருக்கின்றன. வேறு ஏதாவது இருக்குமா? க, உ இவற்றால் ஆன ஏதாவது ஒரு கோவை எதிர்பாராமல் க-வால் வகுபட்டால், வகுத்து வரும் ஈவும் கெர்னலில் இருக்க வேண்டும். அது புதிய உறுப்பாக இருக்கலாம். அதைச் சோதிக்க க = 0 என்று போடுங்கள். உ, ச² ஆகிறது. ச² தனியாக எந்தச் சமன்பாட்டுக்கும் கட்டுப்படாது, ஆகவே புதிதாக எதுவும் கிடைக்காது. கெர்னல் என்பது க, உ இவற்றின் பல்லுறுப்புக்கோவை வளையம். அவ்வளவுதான்.

இப்போது ஒரு மாறியைக் கூட்டுங்கள்: ∂த = ட. மேலே போலவே செய்தால் இன்னொரு உறுப்பு வருகிறது:

எ = ச³ − 3க·ச·ட + 3க²·த.

க = 0 போட்டால் உ என்பது ச², எ என்பது ச³. இப்போது ஒரு சமன்பாடு மாட்டிக்கொண்டது: உ³-உம் எ²-உம் இரண்டுமே ச⁶. ஆகவே உ³ − எ² க-வால் வகுபட வேண்டும். விரித்துப் பார்த்தால் க²-ஆலேயே வகுபடுகிறது. ஈவு:

ஒ = 3ச²ட² − 6ச³த − 8க·ட³ + 18க·ச·ட·த − 9க²த².

இது புதிய உறுப்பு. மறுபடி க = 0 போட்டால் ஒ-வில் ட-வும் த-வும் மிச்சம் இருப்பதால் புதிய சமன்பாடு எதுவும் எழாது. வேலை நின்றுவிட்டது. கெர்னலுக்கு க, உ, எ, ஒ என்று நான்கு பிறப்பாக்கிகள், அவற்றுக்கிடையே ஒரே ஓர் உறவு: உ³ = எ² + க²·ஒ. கெர்னலின் பரிமாணம் 3, ஆனால் அது பல்லுறுப்புக்கோவை வளையம் அல்ல. ஒரே ஒரு மாறியைக் கூட்டியதில் கெர்னலின் இயல்பே மாறிவிட்டது. இந்தக் கணக்கை ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்றுதான் யாரிடமும் சொல்வேன். வான் டென் எசன் ஒழுங்குபடுத்திய படிமுறை இதுவேதான்: க = 0 போடு, உறவு தேடு, வகு, சேர், மறுபடி செய்.

இந்த ஒ-வைப் பார்த்து எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை. இருபடி, முப்படிச் சமன்பாடுகளின் டிஸ்கிரிமினன்ட்தான் உ, ஒ என்ற வேடத்தில் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் கேலியும் கோர்டனும் இருமாறி வடிவங்களின் மாறாக் கோவைகளை (மாறிகளை நேரியலாக மாற்றினாலும் மாறாதவற்றை) தேடியபோது இதே கெர்னல்களைத்தான் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள், வேறு மொழியில். ∂ இப்படி ஒரு மாறியை அடுத்த மாறிக்குத் தள்ளிக்கொண்டே போகும் வகையாக இருந்தால், 3 மாறிகளுக்கு 2 பிறப்பாக்கிகள், 4-க்கு 4, 5-க்கு 5. அப்புறம் திடீரென்று 6 மாறிகளுக்கு 23, 7-க்கு 26.

மேலே சொன்ன படிமுறை எப்போதும் நிற்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. கெர்னல் முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பாக்கிகள் உள்ளதாக இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். 1900இல் ஹில்பர்ட் வைத்த 14ஆவது கேள்வியின் ஒரு முகம் இது. மாறிகளை நேரியலாகத் தள்ளும் எல்.என்.டி.களுக்கு முடிவுறும் என்று வைட்சன்பொக் 1932இல் நிறுவினார். அதற்கு 1962இல் நவீன இயற்கணித வடிவியலின் மொழியில் ஒரு நிரூபணம் கொடுத்தவர் சி. எஸ். சேஷாத்ரி. காஞ்சிபுரத்தில் பிறந்தவர், பிற்பாடு சென்னை கணிதக் கழகத்தை உருவாக்கியவர். அவர் பிறந்ததும் 1932ஆம் ஆண்டுதான்.

நேரியல் என்ற நிபந்தனையை விட்டால் கதை மாறுகிறது. ஹில்பர்ட்டின் கேள்விக்கு நகாட்டா 1958இல் எதிர்மாதிரி கொடுத்தார். 1990இல் பால் ராபர்ட்ஸ் கொடுத்த இன்னொரு எதிர்மாதிரியை 7 மாறிகளின் மேல் உள்ள ஒரு முக்கோண எல்.என்.டி.யின் கெர்னலாகவே எழுதலாம் என்று 1994இல் தெரியவந்தது. பிறகு ஃபிராய்டன்பர்க் 6 மாறிகளில் ஒன்றைக் கட்டினார். டெய்கிளும் ஃபிராய்டன்பர்க்கும் சேர்ந்து 1999இல் 5-க்கே கொண்டுவந்துவிட்டார்கள்:

∂க = 0, ∂ச = க³, ∂ட = ச, ∂த = ட, ∂ப = க².

நான்கு மாறிகளில் நாம் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் எவ்வளவு சின்ன மாற்றம்! க இருந்த இடத்தில் க³, புதிதாக ஒரு ப. இதன் கெர்னலில் ப-வின் எந்த அடுக்குக்கும் க·ப, க·ப², க·ப³ என்று தொடங்கும் உறுப்புகள் (ப-வின் தாழ்ந்த அடுக்குகள் பின்னால் ஒட்டிக்கொண்டு) இருக்கின்றன. ஆனால் முன்னால் க இல்லாமல் ப-வின் அடுக்கு மட்டும் தலைமை தாங்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. ஆகவே ஒன்றைப் பெருக்கி அடுத்ததை உண்டாக்க முடியாது, ஒவ்வொரு அடுக்குக்கும் புதிய பிறப்பாக்கி தேவைப்படுகிறது.

மூன்று மாறிகள் வரை இந்தப் பயம் இல்லை. ஜரிஸ்கியின் பழைய தேற்றமே காப்பாற்றிவிடும். நான்கு மாறிகளில் முக்கோண எல்.என்.டி. என்றால் முடிவுறும் என்று 2001இல் டெய்கிளும் ஃபிராய்டன்பர்க்கும் நிறுவினார்கள். ஆனால் பிறப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகும் என்றும் காட்டினார்கள்.

கெர்னலை விட்டு, எல்.என்.டி.களின் உருவத்தைப் பார்ப்போம். ஒரு மாறியில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மாறிகளில் 1968இல் ரென்ட்ஷ்லர் கணக்கை முடித்துவைத்தார்: மாறிகளைத் தகுந்தபடி மாற்றி எழுதினால் எந்த எல்.என்.டி.யும் ∂க = 0, ∂ச = க-வின் ஒரு கோவை என்ற வடிவத்துக்கு வந்துவிடும். கெர்னல் ஒற்றை மாறியின் வளையம். இதிலிருந்து, இருமாறி வளையத்தின் ஆட்டோமார்ஃபிசங்கள் (வளையத்தை அதன் மீதே, கூட்டலும் பெருக்கலும் குலையாமல், நேர்மாறு உள்ளபடி அனுப்பும் வரைபடங்கள்) எல்லாம் எளிய வகைகளை (நேரியல் மாற்றங்கள், ஒரு மாறியோடு மற்றதன் கோவையைக் கூட்டுபவை) கோத்துக் கிடைப்பவையே என்ற யுங்கின் 1942ஆம் ஆண்டுத் தேற்றமும் இலவசமாக வந்துவிடுகிறது.

ஆட்டோமார்ஃபிசம் எங்கிருந்து வந்தது என்றால்: ∂ எல்.என்.டி. என்றால், அ-வை அ + ∂அ + ∂²அ/2 + ∂³அ/6 + … என்பதற்கு அனுப்புங்கள். தொடர் எப்போதும் நின்றுவிடுவதால் ஒருங்கலைப் பற்றிக் கவலையே இல்லை, கிடைப்பது வளையத்தின் ஓர் ஆட்டோமார்ஃபிசம், இதை ∂-இன் அடுக்குக்குறி என்பார்கள். ∂-க்குப் பதில் −∂ போட்டால் அதன் நேர்மாறு. வடிவியல் பக்கம் இருந்து பார்ப்பவர்களுக்கு எல்.என்.டி. என்பது கூட்டல் குழு வெளியின் மேல் செயல்படும் விதம்.

மூன்று மாறிகளில் கெர்னல் எப்போதும் இருமாறிப் பல்லுறுப்புக்கோவை வளையம்தான் என்பது 1980களில் வந்த மியானிஷியின் தேற்றம். கெர்னல் நல்ல பிள்ளையாக இருக்கிறது. ஆனால் அந்த நல்ல கெர்னல் வளையத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வில்லங்கம். நாம் போட்ட மூன்று மாறிக் கணக்குக்குத் திரும்புங்கள். ∂உ = 0, ஆகவே உ·∂-உம் எல்.என்.டி. அதன் அடுக்குக்குறி:

க → க, ச → ச + உ·க, ட → ட + உ·ச + உ²·க/2.

எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் இதுதான் 1972இல் நகாட்டா எழுதிய ஆட்டோமார்ஃபிசம். எளிய வகைகளைக் கோத்து இதைப் பெறவே முடியாது என்று அவர் அனுமானித்தார். முப்பது வருடங்கள் கழித்து ஷெஸ்டகோவும் உமிர்பயேவும் அதை நிரூபித்தார்கள், 2004இல் வெளிவந்தது. அது கடினமான நிரூபணம். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால், 1984இல், ஹைமன் பாஸ் இதே உ·∂-ஐ வைத்து ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னார், எனக்கு மிகவும் பிடித்தது: மாறிகளை எப்படி மாற்றினாலும் இதை முக்கோண வடிவுக்குக் கொண்டுவர முடியாது.

காரணம் இது. உ·∂ எங்கெல்லாம் அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். உ·க = 0, உ·ச = 0. ஒன்று உ = 0, அல்லது க = ச = 0; இரண்டாவது வந்தாலும் உ = 0 ஆகிவிடுகிறது. ஆகவே அசையாப் புள்ளிகள் ச² = 2க·ட என்ற கூம்பு. முக்கோண டெரிவேஷனில் கடைசி மாறி எந்தச் சூத்திரத்திலும் தலைகாட்டாது. அதனால் அதன் அசையாப் புள்ளிகள் கடைசி மாறியின் திசையில் நேராக நீளும் உருளையாகத்தான் இருக்க முடியும். உருளையில் கூர்ப்புள்ளி (பரப்பு வழுவழுப்பாக இல்லாத புள்ளி) ஒன்று இருந்தால் ஒரு கோடு முழுக்க இருக்கும். கூம்புக்கோ ஒரே ஒரு கூர்ப்புள்ளி. இரண்டும் ஒன்றாக முடியாது.

"இவ்வளவு ஆய்வு ஏன்" என்ற கேள்விக்கு எல்லாவற்றையும்விட நல்ல பதில் 1996இல் மகார்-லிமனோவ் கொடுத்தார் என்பேன். அதற்குப் பின்னணி வேண்டும். சென்னையில் பிறந்த சி. பி. ராமானுஜம் 1971இல் கலப்புத் தளத்துக்கு ஓர் அடையாளம் கொடுத்தார்: சுருங்கத்தக்க (தொடர்ச்சியாக ஒரு புள்ளிக்குச் சுருக்கிவிடக்கூடிய), வழுவழுப்பான ஓர் இயற்கணிதப் பரப்பு முடிவிலியிலும் ஓட்டை இல்லாமல் இருந்தால் அது தளமேதான். இரண்டு பரிமாணத்தில் இடவியல் போதும். மூன்றில்? இந்த வெளியைப் பாருங்கள்:

க + க²·ச + ட² + த³ = 0.

கோராஸ், ரஸ்ஸல் இருவரும் ஆராய்ந்த இந்த முப்பரிமாண வெளி இடவியல் கண்ணுக்குச் சாதாரண வெளியேதான். ஆறு மெய்ப் பரிமாண வெளியோடு வேறுபாடே தெரியாது. இது கலப்பு எண்களின் முப்பரிமாண வெளியோடு இயற்கணித ரீதியாகவும் ஒன்றா என்பது பல ஆண்டுகள் தொங்கிய கேள்வி.

இதன் மேல் உள்ள எல்.என்.டி.களை, அதாவது இந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்ட கோவைகளின் வளையத்தில் உள்ளவற்றை, எழுதிப் பாருங்கள். ஒன்று: ∂க = 0, ∂த = 0, ∂ட = க², ∂ச = −2ட. சமன்பாட்டை வகையிட்டால் −2க²ட + 2க²ட = 0, பொருந்துகிறது. இன்னொன்று: ∂த = க², ∂ச = −3த², மற்றவை பூஜ்யம். இரண்டுமே க-வைக் கொல்கின்றன. மகார்-லிமனோவ் காட்டியது, இந்த வெளியின் எல்லா எல்.என்.டி.யும் க-வைக் கொன்றே ஆக வேண்டும் என்பது. சாதாரண வெளியில் அப்படி எந்த மாறியும் கிடையாது: க-வால் வகையிடல் க-வைக் கொல்லாது, ச-வால் வகையிடல் ச-வைக் கொல்லாது, எல்லாக் கெர்னல்களுக்கும் பொதுவாக மாறிலிகள் மட்டுமே மிஞ்சும். ஆகவே இரண்டு வெளிகளும் ஒன்றல்ல. எல்லாக் கெர்னல்களின் வெட்டுக்கு இப்போது அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பூஜ்யமல்லாத கேரக்டரிஸ்டிக்கில் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே டெரிவேஷனை விட்டுவிட்டு, மேலே சொன்ன அடுக்குக்குறியையே நேரடியாக வரையறையாக வைத்துக்கொள்கிறார்கள். 2014இல் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த நீனா குப்தா, அந்தக் கருவிகளை வைத்து, மிகைக் கேரக்டரிஸ்டிக்கில் முப்பரிமாண வெளிக்கு ஜரிஸ்கியின் நீக்கல் கேள்வி பொய்க்கிறது என்று காட்டினார். அதாவது ஒரு வெளியை ஒரு கோட்டோடு பெருக்கினால் நான்கு பரிமாணச் சாதாரண வெளி கிடைக்கிறது, ஆனாலும் அது முப்பரிமாணச் சாதாரண வெளி அல்ல. கேரக்டரிஸ்டிக் பூஜ்யத்தில் மூன்று பரிமாணத்துக்கு அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

கடைசியாக ஜேக்கோபியன் அனுமானம். 1939இல் கெல்லர் எழுப்பியது. இரண்டு மாறிகளில் அ, இ என்ற கோவைகளின் ஜேக்கோபியன் (அவற்றின் பகுதி வகைக்கெழுக்களால் ஆன அணிக்கோவை) 1 என்றால், அவை இரண்டும் சேர்ந்து முழு வளையத்தையும் பிறப்பிக்குமா? எந்தக் கோவையையும் அ-வோடு அதன் ஜேக்கோபியனுக்கு அனுப்பும் டெரிவேஷனை ∂ என்று வையுங்கள். அப்போது ∂அ = 0, ∂இ = 1. இ ஒரு ஸ்லைஸ். ∂ எல்.என்.டி.யாக இருந்தால் ரென்ட்ஷ்லரின் தேற்றப்படி கெர்னல் ஏதோ ஒரு ஒற்றைக் கோவை ஐ-யின் வளையம், அ அந்த ஐ-யின் கோவை. ∂இ = 1 என்பதை ஐ-யின் வழியே எழுதினால், ஐ-யைப் பொறுத்த அ-வின் வகைக்கெழு 1-ஐ வகுக்க வேண்டும், ஆகவே அது மாறிலி. அதாவது அ என்பது ஐ-யின் நேரியல் கோவை, கெர்னலை அ-வே பிறப்பிக்கிறது. ஸ்லைஸ் தேற்றப்படி அ, இ இரண்டும் முழு வளையத்தையும் பிறப்பிக்கின்றன. ஆகவே இரண்டு மாறிகளில் ஜேக்கோபியன் அனுமானம் முழுவதும் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது: இந்த ∂ எல்.என்.டி.தானா? ஸ்லைஸ் இருக்கிறது என்பதால் மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ∂க = 1, ∂ச = ச என்பதில் க ஸ்லைஸ்தான், ஆனால் ச தேய்வதே இல்லை. அதன் டைவர்ஜென்ஸ் 1, நம் ∂-க்கோ பூஜ்யம். அனுமானத்தை நிரூபிக்க முயல்பவர் அந்த வித்தியாசத்திலிருந்துதான் ஏதாவது கறக்க வேண்டும்.